மீன் ஆயும் வீட்டில் குப்பைத் தொட்டி நாறாமல் இருக்க

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் வீடு; வாசலோரம் மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி; குப்பை வண்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது; தினமும் பினாயில் ஊற்றிக் கழுவியும் நாற்றம் போகவில்லை, இப்போது புழுவும் வைக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ராமநாதபுரம் கடலோர ஊர்களில் பல ஆண்டுகள் சுகாதாரப் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தினமும் கழுவுவதை முதலில் நிறுத்துங்கள். நல்ல தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் ஊரில் அது வீண் செலவு. அதைவிட முக்கியம், நாற்றத்துக்குத் தீனி போடுவதே அந்தக் கழுவல்தான்.

காய்கறித் தோலோ, மீந்த சோறோ, மீன் குடலோ, அதை அழுகவைக்கும் பாக்டீரியாவுக்கு ஈரம் வேண்டும். தொட்டியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அங்கே காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் பெருகும் வகைகள்தான் குமட்டவைக்கும் வாடையைக் கிளப்புபவை. நீங்கள் கழுவுகிறீர்கள், ஆனால் காயவிடாமல் அந்த ஈரத்தின் மேலேயே அடுத்த குப்பையைக் கொட்டி, மூடியையும் இறுக்கிவிடுகிறீர்கள். வெயில் வெளியே காய்கிறது. உள்ளே வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று எழுதவில்லை. தீவில் பல வீடுகளில் நடப்பதுபோல, புழக்கத்துக்கு வைத்திருக்கும் உப்புத் தண்ணீர் என்றே எடுத்துக்கொள்கிறேன். கடல்நீரைக் கொண்டுவந்து ஊற்றுபவர்களும் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் இரண்டரை கிராமுக்கு மேல் சல்பேட். காற்றில்லாத அடிக்கசடில் வாழும் ஒருவகை பாக்டீரியா இந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும். அழுகிய முட்டை வாடை என்கிறோமே, அது இந்த வாயுதான். மேலும், கடல்நீர் காய்ந்தபின் ஒட்டியிருக்கும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாலையில் தொட்டியின் உட்சுவரைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும். பினாயிலும் உப்புத் தண்ணீரில் சரியாகக் கரையாமல் திரிந்து நிற்கும். அதன் வாசனை மட்டும் மூக்குக்கு வரும், வேலை பாதிகூட நடக்காது.

அடுத்தது மீன். நம் பக்கத்துக் குப்பையையும் மதுரைப் பக்கத்துக் குப்பையையும் ஒரே மாதிரி நடத்த முடியாததற்குக் காரணமே இதுதான். கடல் மீனின் உடம்பில் இயல்பாகவே ஒரு பொருள் இருக்கிறது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை டிரைமெத்திலமீன் என்ற வாயுவாக மாற்றுகிறது. கவிச்சி வாடை என்பது பெரும்பாலும் அதுவே. குளத்து மீனில் இந்தப் பொருள் மிகக் குறைவு. திருக்கை, சுறா இரண்டிலும் இதோடு யூரியாவும் நிறைய இருப்பதால் அம்மோனியா வாடையும் சேர்ந்து கண்ணைக் கரிக்கும். பால்சுறா வாங்கிப் புட்டு செய்த அன்று தொட்டி ஏன் அப்படி நாறுகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

டிரைமெத்திலமீனும் அம்மோனியாவும் காரத்தன்மை உள்ளவை. புளிப்புப் பட்டால் அவை உப்பாக மாறிக் கழிவிலேயே தங்கிவிடும், காற்றில் கிளம்பாது. மீன் கழுவிய கையைப் புளியாலும் எலுமிச்சையாலும் தேய்ப்பது இதனால்தான் பலிக்கிறது. மீன் குழம்பு வைக்கும் அன்று புளி கரைத்த சக்கை கட்டாயம் மிஞ்சும். அதைத் தனியே எறியாதீர்கள். செதிள், செவுள், குடல் எல்லாவற்றையும் ஒரு தாளில் கொட்டி, அதன் மேல் புளிச்சக்கையைப் பிசிறிவிட்டு, தாளைச் சுருட்டிப் போடுங்கள். பிழிந்த எலுமிச்சைத் தோல் இருந்தால் அதையும் சேருங்கள். காசில்லாமல் கிடைக்கும் இந்தச் சக்கைக்குக் கடையில் விற்கும் எந்த வாசனைத் திரவமும் ஈடில்லை என்பது என் உறுதியான கருத்து.

இதையே புரட்டிப் பார்த்தால் இன்னொரு விஷயம் விளங்கும். நாற்றம் அடிக்கிறதே என்று மீன் கழிவின் மேல் சுண்ணாம்புத் தூளைக் கொட்டுகிறார்கள். சுண்ணாம்பு காரம். கழிவில் அடங்கிக் கிடக்கும் அம்மோனியாவையும் கவிச்சியையும் அது அப்படியே காற்றில் கிளப்பிவிடும். அடுப்புச் சாம்பலும் காரம்தான். காய்கறிக் கழிவின் மேல் அதைத் தூவலாம், மீனின் மேல் வேண்டாம். தெருவோரச் சாக்கடையில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவுவதைப் பார்த்துப் பார்த்து, வீட்டுத் தொட்டிக்கும் அதுவே மருந்து என்று நமக்குப் பழகிவிட்டது. தொட்டி நிற்கும் தரையில், காய்ந்த இடத்தில், சுண்ணாம்பு தூவுவதில் தவறில்லை. உள்ளே கூடாது.

உள்ளே தூவ நம் மாவட்டத்திலேயே நல்ல சரக்கு இருக்கிறது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். கரியை அள்ளிய பிறகு மிஞ்சும் தூளுக்கு அதிக விலை இல்லை. அந்தக் கரித்தூளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். ஈரத்தையும் வாடையையும் அவை பிடித்துவைக்கும். மருந்துக்கடையில் விற்கும் பதப்படுத்திய கரியின் வலு இதற்குக் கிடையாதுதான், ஆனால் ஒரு சாக்கு வாங்கினால் நெடுநாள் வரும், கையை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. காலித் தொட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு உலர்ந்த தென்னை நார்க் கழிவோ சருகோ பரப்பி, அதன் மேல் இரண்டு கைப்பிடி கரித்தூள் போடுங்கள். கசிகிற நீரை அந்தப் படுக்கை குடித்துவிடும். பிறகு ஒவ்வொரு முறை ஈரக்குப்பை போடும்போதும் ஒரு கைப்பிடி. கரித்தூள் கிடைக்காத நாளில் உலர்ந்த மண் போதும். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் கொல்லை மண்ணாக இருக்கட்டும்.

குழம்பு, ரசம், சோறு வடித்த கஞ்சி, மீன் அலசிய தண்ணீர் எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. வடிகட்டி, சக்கையை மட்டும் போடுங்கள்.

புழுவுக்கு வருவோம். புழு தொட்டியில்தான் உண்டாகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது சமையலறையிலிருந்தே வருகிறது. மீனை ஆய்ந்துவிட்டுக் குடலைத் திறந்த தட்டில் அரை மணி நேரம் வைத்தால் போதும், மினுங்கும் பச்சை ஈ வந்து முட்டையிட்டுவிடும். செவுளின் மடிப்பில் வெள்ளையாக, ரவை ஒட்டியதுபோல ஒரு கொத்து தெரியும், அதுதான் முட்டை. ஒரு ஈ ஒரு தடவையில் நூறு முட்டைக்கு மேலும் இடும். நம் வெயிலுக்கு ஒரு நாளைக்குள் பொரிந்துவிடும். நான்கைந்து நாளில் புழு கொழுத்து, உலர்ந்த இடம் தேடித் தொட்டியை விட்டு இறங்கி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். ஆகவே இரண்டு காரியம். ஒன்று, ஆய்ந்த கழிவை உடனே மூடுங்கள் அல்லது சுருட்டுங்கள். இரண்டு, எந்தக் குப்பையும் மூன்று நாளுக்கு மேல் தொட்டியில் தங்கக் கூடாது. உங்கள் ஊரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வண்டி வருகிறது என்பது பெரிய வசதி. ஈயின் கணக்கை அது முந்திவிடுகிறது. ஒரு முறை தவறவிட்டால்தான் ஆபத்து. வண்டி வரும் நாளுக்கு முந்தின மாலையோ அன்று காலையோ மீன் வாங்குவது என்று வைத்துக்கொள்ள முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் கழிவை ஒரு டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்து, வண்டி வரும்போது எடுத்துக் கொடுக்கலாம். முகம் சுளிக்க ஒன்றுமில்லை. சற்று முன் அது உங்கள் மீனின் உடம்பில் இருந்ததுதான்.

இப்போது கழுவுவது. வாரத்துக்கு ஒரு முறை, வண்டி குப்பையை எடுத்துக்கொண்டு போனவுடன், வெயில் ஏறும் முன். முதலில் தண்ணீரே வேண்டாம். ஒட்டியிருப்பதை ஒரு மட்டைத் துண்டால் சுரண்டி எடுங்கள். பின்பு இரண்டு கைப்பிடி உலர்ந்த மண்ணைப் போட்டுப் பனந்தும்புத் தூரிகையால் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்துக் கொட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் வழுவழுப்பும் மண்ணோடு வந்துவிடும். தேங்காய் நாரைவிடப் பனந்தும்பு விறைப்பானது. விளிம்பின் மடிப்புக்குள்ளும் அடித்தட்டின் வரிப்பள்ளங்களுக்குள்ளும் நுழையும். அந்த இரண்டு இடங்களில்தான் கவனம் வேண்டும். மூடியின் உட்பக்க விளிம்பைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் பளபளவென்று இருக்கும் மூடியின் ஓர மடிப்பில் பழுப்பு நிறக் கசடு ஒரு கோடாகப் படிந்திருக்கும், ஈ முட்டையும் அங்கேதான் ஒட்டியிருக்கும். பலர் தொட்டியின் வயிற்றைத் தேய்த்துவிட்டு இந்தக் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

அதன் பிறகு அரை வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி சலவைத்தூள். இதற்கு உப்புத் தண்ணீரே போதும். சோப்புக் கட்டி உப்புத் தண்ணீரில் நுரைக்காது, சலவைத்தூள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். தொட்டியைச் சாய்த்து உருட்டி எல்லாப் பக்கமும் நனைத்து, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கொட்டுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர், கால் குடம் போதும். அதில் கொஞ்சம் புளிக்கரைசல் கலந்து ஒரு முறை, வெறும் தண்ணீரில் ஒரு முறை. பிறகு இரண்டு செங்கல்லின் மேல் கவிழ்த்து, காற்று உள்ளே போகும்படி வெயிலில் விடுங்கள். எலும்பாகக் காயும்வரை அது தொட்டி இல்லை, ஒன்றும் போடக் கூடாது. இதற்காகவே பெரிய தொட்டி ஒன்றைவிடச் சிறியவை இரண்டாக வாங்கச் சொல்கிறேன். ஒன்று புழக்கத்தில், ஒன்று வெயிலில். நம் வெயிலைக் குறைசொல்லாத ஆளில்லை. குப்பைத் தொட்டிக்கு அதைவிட நல்ல மருந்தும் இல்லை.

பிளீச்சிங் பவுடர் வேண்டுமா என்றால், மாதம் ஒரு முறை போதும். தேய்த்துக் கழுவி முடித்த தொட்டியில், ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் அதன் குளோரின் முழுவதும் அழுக்கோடு மோதியே தீர்ந்துவிடும். கடற்காற்றின் ஈரத்தில் பொட்டலம் திறந்து கிடந்தால் வலுவும் போய்விடும், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை, இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்: பிளீச்சிங் பவுடரோடு புளித்தண்ணீர், வினிகர், எலுமிச்சை, கழிவறை கழுவும் ஆசிட் எதுவும் ஒருபோதும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். புளி அலசல் செய்யும் நாளில் பிளீச்சிங் பவுடரைக் கையில் எடுக்காதீர்கள்.

தொட்டி எப்படிப்பட்டது என்பதிலும் கடலோரத்துக்கென்று கணக்கு உண்டு. தகர டிரம் உப்புக்காற்றில் துரு பிடித்து அடி ஓட்டையாகும். துருவின் சொரசொரப்பில் அழுக்கு ஒட்டினால் கழுவி எடுக்க முடியாது. காலால் மிதித்துத் திறக்கும் தொட்டியில் கம்பியும் கீலும் முதலில் போய்விடும். கனமான பிளாஸ்டிக், உட்சுவர் வழுவழுப்பு, இறுக்கமான தனி மூடி, இதுவே போதும். கசிவு வடியட்டும் என்று அடியில் துளை போடுகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். வடிவது மண்ணுக்குத்தான் போகும், நாற்றமும் புழுவும் அங்கே குடியேறும். தீவில் பல இடங்களில் மணலைக் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று சுரக்கிறது. அதையும் நினைக்க வேண்டும்.

வெறும் மணலில் நிறுத்தாமல் ஒரு சிமெண்ட் பலகையின் மேலோ பனங்கட்டைத் துண்டுகளின் மேலோ நிறுத்துங்கள். இறங்கும் புழுவுக்கு மண் எட்டாது. பூவரசு நிழல் இருந்தால் நல்லது. காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்: கோடையில் தென்மேற்கிலிருந்து அடிக்கும், ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். கோடையில் வீட்டுக்கு வடகிழக்கு மூலையிலும் வாடைக்காற்றுக் காலத்தில் தென்மேற்கு மூலையிலும் தொட்டி நின்றால் நாற்றம் வீட்டுக்குள் வராது. அடுத்த வீட்டு ஜன்னலையும் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுக்கும் நாய்க்கும் உருளாமல் இருக்க நைலான் கயிற்றால் ஒரு முளைக்குச்சியில் கட்டுங்கள். மூடியைச் சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டையால் இழுத்து மாட்டினால் காக்கையும் நாயும் திறக்க முடியாது.

தொட்டிக்குப் போகும் மீன் கழிவையே குறைக்க முடியுமா என்றால் முடியும், உங்கள் ஊரில் இன்னும் நன்றாக முடியும். தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடை எடுத்துக் கலந்து, இறுக மூடும் பிளாஸ்டிக் வாளியில் நிழலில் வைத்தால் முப்பது நாற்பது நாளில் தேன் நிறத்தில் ஒரு சாறு தெளியும். மீன் அமிலம் என்று இயற்கை விவசாயிகள் சொல்வது இதைத்தான். வெல்லம் தாராளமாக இருந்தால் அழுகல் வாடை வராது, பழ வாடைதான் வரும். வெல்லத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் நாறும். விலை குறைந்த கழிவு வெல்லமே போதும், கருப்பட்டியை வீணாக்காதீர்கள். பொங்கி வரும் வாயு வெளியேற வாரம் ஒரு முறை மூடியைத் தளர்த்தி இறுக்குங்கள். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து மல்லிகைக்குத் தெளிக்கலாம். நாற்றங்கால் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கொள்வார்.

அவ்வளவு வேலை முடியாதென்றால் தென்னைக்குக் கீழே புதையுங்கள். ஒன்றரை அடிக்குக் குறையாமல் தோண்டி, கழிவைப் போட்டு, மண் மூடி, மேலே கருவேல முள்ளைப் பரப்பிக் கல் வையுங்கள், நாய் கிளறாது. கிணற்றுக்கும் ஊற்றுக்கும் பக்கத்தில் வேண்டாம். இறால் ஓடும் நண்டு ஓடும் மெதுவாகத்தான் மக்கும், ஆனால் மரத்துக்கு நல்லது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் ஜூன் நடுவில் கடலுக்குப் போய்வரும் நாட்களில் இறால் மலிவாகக் கிடைக்கும், வெயிலும் கொளுத்தும். தொட்டிகள் மோசமாக நாறும் காலம் அதுதான். அதற்கு முன்பே குழி ஒன்று தோண்டி வைத்திருப்பது நல்லது.

பையில் கட்டிக் கடலோரம் வீசிவிட்டு வருவது சிலர் கண்ட எளிய வழி. நமக்குத் தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. 21 தீவுகளோடு 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. பவளப்பாறையும் கடற்புல்லும் இருப்பதால்தான் நம் வலையில் மீன் விழுகிறது. குடலை அலை கொண்டுபோய்விடும். பை எங்கும் போகாது, பாறையிலும் வலையிலும் வந்து சிக்கும். எரிப்பதும் வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. மக்காத குப்பை தனித் தொட்டியில் உலர்ந்து இருக்கட்டும். பால் பாக்கெட்டை அலசிக் காயவைத்துப் போட்டால் அதில் நாற ஒன்றுமில்லை. குழந்தையின் டயப்பரையும் நாப்கினையும் தாளில் சுற்றித் தனியாகவே கொடுங்கள். அதைக் கையால் பிரிப்பவர் ஒரு மனுஷி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மூடியின் குழிவிலும் கவிழ்க்காத தொட்டியிலும் நிற்கும் தண்ணீரை அவ்வப்போது கொட்டுங்கள். டெங்கு கொசுவுக்கு ஒரு கரண்டித் தண்ணீரும் ஒரு வாரமும் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் வாடை அடித்தால் தொட்டியை விட்டுவிட்டு அது நின்ற தரையைப் பாருங்கள். பல மாதக் கசிவும் கழுவிய தண்ணீரும் அங்கே இறங்கியிருக்கும். கறுத்துக் கிடக்கும் மேல்மண்ணை அரையடி ஆழத்துக்கு வெட்டியெடுத்துக் கொல்லைக் குழியில் போட்டு மூடிவிட்டு, அந்த இடத்தை இரண்டு நாள் வெயிலில் காயவிட்டுப் புதுமண் நிரப்புங்கள். பலகையை வேறு இடத்தில் போட்டு அதன் மேல் தொட்டியை வையுங்கள்.